படுத்தால் நிமிரும் முதுகு

பென்னாகரத்தில் அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு, தர்மபுரிக்கு வேலைக்குத் திரும்பிக் கொண்டிருந்தான் பக்ருதீன். வெளியே ஐப்பசி மழை. பஸ் புறப்படும் முன்பே சன்னல் தார்ப்பாய்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரத் துணி வாசனை... அரை இருட்டு... நெரிசல். எண்பத்தாறாம் வருஷம். ஒரு சீட்டுக்கு மூன்று பேர் என்பது கணக்கே இல்லாத காலம்.

அவன் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றார். நின்றார் என்று கூடச் சொல்ல முடியாது. இடுப்புக்கு மேலே உடம்பு முன்பக்கமாக மடிந்து, முகம் பஸ்ஸின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட தலை அவன் முழங்கால் உயரத்தில் ஆடியது.

பக்ருதீனுக்கு இளகிய மனசு. அவசரமும் அதிகம்.

"என்ன பெரியவரே, சாவி கீவி விழுந்துடுச்சா? நகருங்க, நான் தேடித் தர்றேன்" என்று அவனே குனிந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவத் தொடங்கிவிட்டான். பின் சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மேலே இருந்து ஒரு குரல் கேட்டது.

"விழுந்தது ஒண்ணுமில்லீங்க. எங்கப்பா நிக்கறதே அப்படித்தான். தேடறதை வுட்டுட்டு எந்திரிச்சு எடம் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

நிமிர்ந்த வேகத்தில் முன் சீட்டுக் கம்பியில் மண்டை இடித்தது. வலியில் கண்ணை மூடித் திறந்தபோது... எதிரில் இரண்டு கண்கள். நெற்றி வரை இழுத்துவிட்ட முக்காட்டுக்குக் கீழே, இமை நுனியில் மழைத்துளி ஒன்று விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் முழுக்கக் கோபம். கோபத்துக்குப் பின்னால், அழுது பழகிய கண்ணுக்கே உரிய ஒரு தெளிவு.

எழுந்து இடம் கொடுத்தான். பெரியவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தான். இண்டூர் தாண்டும் வரை அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பவில்லை என்று அவனாக நினைத்துக்கொண்டான். உண்மையில் ஏழெட்டு முறையாவது திரும்பினான்.

தர்மபுரியில் இறங்கியதும் ஓடிப்போய் கிளினிக்கைத் திறந்தான். அவன் வேலை அங்கேதான். கோவிந்தன் டாக்டரின் எக்ஸ்ரே கிளினிக்கில் ஆறு வருஷமாகப் படம் எடுக்கிறவன். ஈரச் சட்டையை மாற்றி, மெஷினைப் போட்டு, முதல் சீட்டை வாங்கிப் படித்தான்.

'அப்துல் சுபான். வயது அறுபத்து மூன்று. பென்னாகரம். முதுகு.'

தலையைத் தூக்கினால்... வாசலில் அதே முக்காடு. அதே கண்கள்.

"ஓ" என்றாள் அவள். "தேடறவரு இங்கதான் இருக்கறாரா?"

பக்ருதீனுக்குக் காது சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க. நெசமாவே ஏதோ விழுந்துடுச்சுன்னுதான்..."

"எல்லாரும் அப்படித்தாங்க நெனைக்கறாங்க. ஆனா கீழ குனிஞ்சு தேடினது நீங்க ஒருத்தருதான்." உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை.

பெரியவரின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, தொழுகைக்குப் பின் எண்ணுகிற தஸ்பீஹ் மணியை உருட்டுவது போல. மணி இல்லை. அது நடுக்கு வாதம். பார்க்கின்சன் என்று சேலத்து டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கை நடுக்கம் வந்து ஆறு வருஷம், முதுகு மடிந்து இரண்டு வருஷம். பென்னாகரம் கடைவீதியில் மாட்டுக் கயிறும், சாட்டையும், கழுத்து மணியும் விற்கிற கடை அவருடையது. ஆறடி உயரம். சந்தைக் கூட்டத்தில் அவர் தலை மட்டும் தனியாகத் தெரியுமாம். இப்போது வருகிற ஆளைக் காலை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார். கடையைப் பார்த்துக்கொள்வது ஒரே மகள் ரோஷன் பீ. தாய் இல்லை.

"மேசை மேல மல்லாந்து படுக்கணும் சாச்சா. முடியுங்களா?" என்றான் பக்ருதீன்.

இருவருமாகப் பிடித்து மெதுவாகச் சாய்த்தார்கள். அப்போது நடந்ததை அவன் வாழ்நாள் முழுக்க மறக்கப்போவதில்லை. வளைத்த மூங்கிலை விட்டது போல, அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே இறங்கி... இறங்கி... மேசையோடு மேசையாகப் படிந்துவிட்டது. பெரியவர் ஆறடிக்கு நீண்டு நேராகப் படுத்திருந்தார். கால் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணைத் தூக்கி அவனைப் பார்த்தார்.

"இதுதானா தம்பி உங்க மொகம்? பஸ்ஸுல செருப்பை மட்டுந்தான் பாத்தேன். பட்டை அறுந்திருக்குது, தெச்சுக்கங்க."

ரோஷன் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியாமல் திரும்பி நின்றுகொண்டாள். அப்பாவை நீளமாகப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம்தான், கட்டிலில்... தினமும்தான் பார்க்கிறாள். ஆனாலும் இன்னொருவர் அவரை நிமிர்ந்த ஆளாகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கங்க சாச்சா..."

இருட்டறையில் படத்தைக் கழுவித் தூக்கியபோது கருப்பாக வந்திருந்தது. கரண்டைக் கூட்டி வைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று குறைத்து வைத்து இன்னொன்று எடுத்தான். அதுவும் கருப்புத்தான். வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பெல்லாம் சாம்பல் கரைத்த தண்ணீர் போல ஒளியை உள்ளே விட்டது.

கோவிந்தன் டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார்.

"பஞ்சாட்டம் இருக்குதுப்பா எலும்பு. படுத்தா நிமிர்ந்துடுதா?"

"ஆமாங்க டாக்டர். அப்படியே நேராயிட்டாரு."

"அப்ப இது எலும்புக் கோணல் இல்ல. நரம்பும் சதையும் நிறுத்தி வைக்க மாட்டேங்குது. நடுக்கு வாதத்தோட வர்றது. யாராச்சும் கம்பி வச்சு நிமித்தறேன்னு கெளம்பினா... கம்பி நிக்கும், எலும்பு நிக்காது." ரிப்போர்ட்டில் எலும்பு மெலிவு என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கம்பியைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையைப் பக்ருதீன் மட்டுமே கேட்டான்.

அதற்கப்புறம் மாதம் இரண்டு சனிக்கிழமை ரோஷன் தர்மபுரிக்கு வந்தாள். அப்பாவின் மாத்திரை பென்னாகரத்தில் கிடைக்காது. மருந்துக் கடைக்குப் போகிற வழியில்தான் கிளினிக். இல்லை, மருந்துக் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது... ஆனாலும் அவள் கிளினிக் வழியாகத்தான் போனாள். அவன் வெளியே வந்து நிற்பான். "சாச்சா எப்படி இருக்காரு?" என்பான். "இருக்காரு" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினைந்து நாள் காத்திருந்தான்.

அவனும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று பென்னாகரம் போய், நேராகக் கயிற்றுக் கடையில் நின்றான்.

"என்ன வேணுங்க?" ரோஷன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு... மூக்கணாங்கயிறு."

"எத்தனை மாடு இருக்குது உங்களுக்கு?"

"மாடு இல்லீங்க."

"அப்ப கயிறு யாருக்கு?"

பக்ருதீன் செருப்பைப் பார்த்தான். "மாட்டிக்க ஒரு ஆளு தயாரா இருக்குது. புடிக்கறதுக்குத்தான் கை வேணும்."

அவள் கயிற்றுக் கட்டைப் பிரிப்பது போலத் திரும்பிக்கொண்டாள். முக்காட்டின் ஓரம் சிவந்த காது தெரிந்தது. உள்ளேயிருந்து பெரியவரின் குரல் வந்தது. "யாரு அது... நடை கேட்ட நடையாட்டம் இருக்குது. எக்ஸ்ரே தம்பியா? உள்ள வாங்க. ரோஷன், டீ போடும்மா."

அப்படித்தான் அது வளர்ந்தது. யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

ஒரே ஒரு தடவை மனஸ்தாபம் வந்தது. மார்கழிப் பனியில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது அவள் கேட்டாள், "இந்த மாத்திரையே தொடர்ந்து சாப்ட்டா அப்பாவுக்குச் சரியாப் போவுமாங்க?"

அவன் யோசிக்காமல் சொன்னான், "சரியாப் போற நோவு இல்லீங்க அது. கூடிட்டேதான் வரும்."

அவள் முகம் மூடிக்கொண்டது, விளக்கை அணைத்தாற்போல. "எங்கப்பாவைப் பத்தி நம்பிக்கை இல்லாமப் பேசற வாய் எனக்கு வேணாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள். அடுத்த இரண்டு சனிக்கிழமை கிளினிக் வழியாக வரவில்லை. பக்ருதீன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான். கழுவ வேண்டிய படத்தை வெளிச்சத்தில் பிரித்து நான்கு பேருக்கு மறுபடி படம் எடுத்தான். டாக்டரிடம் திட்டு வாங்கினான்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் வந்தாள். ஓட்டமும் நடையுமாக, மூச்சு வாங்க. கண் இரண்டும் மின்னின. அந்தக் கண்ணை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

"பெங்களூர்ல இருந்து ரஷீத் மாமா வந்திருந்தாரு. அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில கூனு வுழுந்த முதுகை இரும்புக் கம்பி வச்சு நிமித்தறாங்களாம். அப்பாகிட்ட சொன்னதுமே... நீங்க பாக்கணும் அவரு மொகத்தை. 'தொழுகையில எல்லாரும் நிமிர்ந்து நிக்கறப்ப நான் மட்டும் குனிஞ்சே நிக்கறேன்ம்மா, ஒரு பண்டிகைக்காவது வரிசையில நேரா நின்னுட்டா போதும்'னு சொல்றாரு. அப்புறம்..." அவள் நிறுத்தினாள். குரல் இறங்கியது. "நிமிர்ந்ததும் மொத வேலையா நல்லம்பள்ளிக்கு உங்க வூட்டுக்கு வர்றாராம். உங்கம்மாவைப் பாத்து... பேசணுமாம்."

பக்ருதீனுக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது.

"அந்தப் படம் வேணும்" என்றாள். "டாக்டருங்க பாக்கணுமாம். ஏங்க... நீங்க தெனமும் எலும்பையே பாக்கறவரு. நீங்க சொல்லுங்க. போலாமா?"

சொல்லியிருக்கலாம். 'எலும்பு பஞ்சாட்டம் இருக்குது ரோஷன், எங்க டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க' என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் உள்ளேதான் இருந்தார். பத்தடி தூரம். கதவைத் தள்ளி அவளை உள்ளே அழைத்துப் போயிருந்தால் போதும்.

அவன் கண் முன்னே அந்த இரண்டு சனிக்கிழமைகள் வந்து நின்றன. அணைந்துபோன அந்த முகம் வந்து நின்றது. நல்லம்பள்ளியில் அவன் வீட்டு வாசலில் ஆறடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பெரியவர் வந்து நின்றார்.

"பெரிய டாக்டருங்க..." என்றான் பக்ருதீன். "அவங்களுக்குத் தெரியாததா?"

படத்தைப் பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தான். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

மாசியில் ஆபரேஷன் நடந்தது. முதுகுத் தண்டுக்கு இரண்டு பக்கமும் நீளமாகக் கம்பி, மேலேயும் கீழேயும் எலும்பில் கொக்கி. பத்து நாள் கழித்துப் பக்ருதீன் பெங்களூர் போனபோது, பெரியவர் கட்டிலின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நேராக. கை நடுங்கியது, கால் தள்ளாடியது, முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவன் அவரை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"தம்பி கொஞ்சம் குள்ளந்தான்" என்றார் பெரியவர்.

ரோஷன் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஈடாக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு. நான் பயந்தது வீண்... கோவிந்தன் டாக்டர் பழைய காலத்து மனுஷன்... அல்லாவே, நான் வாயைத் திறக்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

அந்த வருஷம் ரம்ஜான் பண்டிகை வைகாசி வெயிலில் வந்தது. தொழுகைத் திடலில் பக்ருதீன் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றான். இடுப்பைச் சுற்றித் தோல் பெல்ட் கட்டியிருந்தார். குனியவோ மண்டியிடவோ கூடாது என்று உத்தரவு, அதற்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் 'அல்லாஹு அக்பர்' என்ற முதல் தக்பீருக்குக் கை கட்டியபோது வரிசையில் எல்லோரையும் போல நேராக நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தொழுகை முடிந்ததும் கடைவீதியே வந்து கட்டித் தழுவியது. மாட்டுக்காரர் மாது, இருபது வருஷமாக அவரிடம் கயிறு வாங்குகிறவர், "பாய் மறுபடி மரமாட்டம் நிக்கறாருப்பா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"ஆடி கழியட்டும் தம்பி" என்றார் பெரியவர் அவன் காதில். "பஸ்ஸுல அவ்ளோ தூரம் உக்காரலாம்னு டாக்டர் சொன்னதும் உங்கம்மாவைப் பாக்க வர்றேன்."

ஆடி கழிவதற்குள் எல்லாம் கழிந்துவிட்டது.

ஒரு காலையில் கட்டிலை விட்டு எழும்போது முதுகின் மேல்பக்கம் ஏதோ விட்டது போலிருந்ததாம். சத்தம்கூடக் கேட்டதாம். கம்பி அப்படியே இருந்தது. கொக்கி மாட்டியிருந்த எலும்புதான் நொறுங்கிப் பிடியை விட்டிருந்தது. கம்பி முடிகிற இடத்தில் முதுகு முன்னைவிட மோசமாக மடிந்து, தாடை நெஞ்சில் இடித்தது. தோலுக்கு அடியில் இரும்பு முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி பெங்களூர், மறுபடி ஆபரேஷன். இந்தத் தடவை புண் ஆறவில்லை. காய்ச்சல் வந்தது. சீழ் வைத்தது. கம்பியை எடுத்தார்கள். கால் விளங்கவில்லை.

பக்ருதீன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரோஷன் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு எக்ஸ்ரே. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, பத்து வயசு கூடினாற்போல இருந்தாள்.

"பாருங்க" என்று படத்தை நீட்டினாள். "உங்களுக்குப் புரியும். இது ஏன் இப்படி ஆச்சு?"

சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். வெள்ளைக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. அதைச் சுற்றி அதே சாம்பல்... அதே கரைந்த தண்ணீர்.

"தெரியலீங்களே" என்றான் பக்ருதீன்.

முதல் தடவை சொல்லாமல் விட்டான். இரண்டாவது தடவை பொய் சொன்னான். திரும்பி வரும் ரயிலில் நல்லம்பள்ளி தாண்டியதும் அவனுக்குத் தெரியவில்லை, தொப்பூர்க் கணவாய் தாண்டியதும் தெரியவில்லை. சேலத்தில் இறங்கி நின்றபோதுதான் தன் ஊரைத் தவறவிட்டது புரிந்தது.

அதன் பிறகு அவன் கயிற்றுக் கடைக்குப் போகவில்லை.

போகக் கூடாது என்று ஒருநாளும் முடிவு செய்யவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் நினைத்தான். அக்கா வீட்டுக்குக்கூட வேறு வழியாகச் சுற்றிப் போய், கடைவீதிப் பக்கம் தலைகாட்டாமல் திரும்பி வந்தான். அவளும் கிளினிக் வழியாக வரவில்லை. மாத்திரைக்கு வேறு யாரையோ அனுப்பினாள். படுத்த படுக்கையான மனுஷன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக எவன் வருவான் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. அவளுக்கும் ரோஷம் உண்டு. ஆள் அனுப்பிக் கேட்கிற பெண் இல்லை அவள்.

அம்மா ஜான் பீ இரண்டு மூன்று இடத்தில் பெண் பார்த்தாள். "இப்ப வேணாம்மா" என்றான். "எப்பதான்டா?" என்று கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினான்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

எண்பத்தொன்பது ஆவணியில் மாட்டுக்காரர் மாது கையில் கட்டுடன் கிளினிக்குக்கு வந்தார். மாடு இழுத்துவிட்டதாம். மேசை மேல் கையை நீட்டிக்கொண்டே, மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"பாய் போயிட்டாருங்க. கயித்துக் கடை பாய். போன வெள்ளிக்கிழமை. எட்டு நாளாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

படத்தை எப்படி எடுத்தான், எப்படிக் கழுவினான் என்று அவனுக்கு நினைவில்லை. டாக்டரிடம் சொல்லிக்கொள்ளாமல் மத்தியான பஸ் ஏறினான்.

கடை திறந்திருந்தது. ரோஷன் உள்ளே பலகையில் உட்கார்ந்து கயிற்றுச் சுருளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"வாங்க" என்றாள். "உக்காருங்க."

அவன் உட்காரவில்லை.

"ரோஷன், நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்னை வெளிய போன்னு சொன்னாலும் சரி." கடைப் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு மொத நாளே தெரியும். மொத படம் கழுவினப்பவே. சாச்சாவோட எலும்புல வலு இல்ல. கம்பி நிக்கும், எலும்பு நிக்காதுன்னு எங்க டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. நீங்க வந்து போலாமான்னு கேட்டீங்க. நான் சொல்லல. நீங்க மறுபடி கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல. அவரு எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கணும்னு எனக்கே ஆசையா இருந்துச்சு... அதனாலயும் சொல்லல. பெங்களூர்ல கேட்டப்ப தெரியலன்னு பொய் சொன்னேன்."

அவள் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது. தெருவில் ஒரு மாட்டு வண்டி போயிற்று.

"பாதிக்குப் பாதிதான்னு அந்தப் பெரிய டாக்டரும் சொன்னாருங்க" என்றாள் ரோஷன் கடைசியில். "என்னைத் தனியாக் கூப்பிட்டு, எலும்பு மெலிஞ்சிருக்குது, புடிக்காமப் போலாம், யோசிச்சுக்கோம்மான்னாரு. அப்பா வெளிய உக்காந்து... பண்டிகைக்கு எத்தனை நாள் இருக்குதுன்னு மாமாகிட்ட கேட்டுட்டிருந்தாரு. நான் அவருகிட்ட சொல்லல. காகிதத்துல கையெழுத்துப் போட்டது நான்தான்."

பக்ருதீன் அவளைப் பார்த்தான்.

"நீங்க சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பனா... தெரியல. சத்தியமாத் தெரியல. ஆனா நீங்க சொல்லியிருக்கணும். நானும் அவருகிட்ட சொல்லியிருக்கணும். அவரு முதுகு அது. அவரைக் கேட்டுட்டு, வேணும்னு அவரே சொல்லியிருந்தா... இன்னிக்கு இந்த நெஞ்சு இப்படிக் கனக்காது." கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. "அதைக்கூட நான் மன்னிச்சுடுவேங்க. ஏன்னா அதே தப்பை நானும் செஞ்சவ. ரெண்டு வருஷம் வரலியே... அதை என்ன செய்ய? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கேப்பாரு. 'எக்ஸ்ரே தம்பி வந்துச்சா?' வேலை அதிகம்ப்பான்னு சொல்லுவேன். கடைசி வெள்ளிக்கிழமையும் கேட்டாரு."

அவன் அப்படியே கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதான். முப்பத்திரண்டு வயது ஆம்பளை கடைவீதியில் உட்கார்ந்து அழுவதை எதிர்க்கடைக்காரர் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல உள்ளே போனார். ரோஷன் தடுக்கவில்லை, தேற்றவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் சொன்னான். "உங்களைப் புடிச்சிருக்குதுன்னு ஒரு நாளும் வாய்விட்டு சொன்னதில்ல நான். இப்ப சொல்ற யோக்கியதை இல்ல. ஆனா சொல்லாம விட்டு விட்டுத்தான் இவ்ளோ தூரம் வந்து நிக்கறேன். புடிச்சிருக்குது ரோஷன். பஸ்ஸுல பாத்த அன்னிலேர்ந்து... ஒரு நாள் குறையாம."

அவள் தெருவைப் பார்த்தபடி நின்றாள். பதில் வரவே வராது என்று அவன் நினைத்து எழுந்தபோது, திரும்பாமலே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். பதில் சொல்லுங்க. எங்கப்பாவுக்கு வந்தது நாளைக்கு எனக்கும் வருமா?"

பக்ருதீனின் உதடு பழக்க தோஷத்தில் ஆறுதலுக்குத் தயாரானது. சேச்சே, உங்களுக்கு ஏன்... என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"எனக்குத் தெரியாது ரோஷன். பெரும்பாலும் அப்படி வர்றதில்லன்னு டாக்டர் சொல்றாரு. வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

"வந்துட்டா?"

"கூடிட்டேதான் போவும். நிக்காது. நான் கூட இருப்பேன். அதுக்கு மேல என்னால முடியறது எதுவுமில்ல."

அவள் திரும்பினாள். கண் நனைந்திருந்தது. முகத்தில் சந்தோஷம் என்று எதுவும் இல்லை. ஆனால் மூடியும் இல்லை.

"நாப்பது நாள் கழியட்டும்" என்றாள். "அதுக்கப்புறம் உங்கம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இப்ப... மொதல்ல அப்பாவை அடக்கம் செஞ்ச கபர்ஸ்தானுக்குப் போய் அவருக்கு சலாம் சொல்லிட்டு வாங்க. இந்தத் தெருக் கடைசியில இடது பக்கம். போங்க. ரொம்ப நாளாக் கேட்டுட்டிருந்தாரு."